கூரை வீடுகளுக்கு வரி போட்ட வருஷம்

என் கணவர் மஞ்சள் காமாலையில் போன அடுத்த வருஷம், எங்கள் ஊர் ஊராட்சி ஆபீஸில் எனக்குக் கிளார்க் வேலை கிடைத்தது. நான் கேட்கவில்லை. மாமனாரின் அண்ணன், நாங்கள் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், பேசி முடித்து வைத்தார். எழுபதுகளின் கடைசி அது. ஊராட்சித் தலைவர்களை எல்லாம் இறக்கிவிட்டு நிர்வாகத்தை அதிகாரிகள் கையில் கொடுத்திருந்த காலம். எங்கள் ஊரில் கடைசியாகத் தலைவராக இருந்தவர் பெரிய மாமாதான். நாற்காலி போனாலும் ஆபீஸ் சாவி அவர் வீட்டு ஆணியில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. பழைய கிளார்க் மெட்ராஸில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டார். உத்திரமேரூரிலிருந்து வாரத்துக்கு ஒரு தடவை ஜீப்பில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற தனி அலுவலருக்கு, எழுதப் படிக்கத் தெரிந்த ஆள் ஒன்று வேண்டியிருந்தது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்திருந்தேன்.

"வூட்லயே மொடங்கிக் கெடந்தா பைத்தியம்தான் புடிக்கும். வந்து ஒக்காரு. நான் சொல்றத எய்து, அவ்ளோதான்" என்றார் பெரிய மாமா.

சரி என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கும் மனசில் ஏதாவது இருக்கவேண்டும் அல்லவா, அது இல்லை.

அந்த நாட்களில் எனக்கு எதுவும் உறைக்கவில்லை. குழம்பில் காரம் உறைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியிலிருந்து என் கணவரின் உடலைக் கொண்டுவந்து இறக்கியபோது நான் அழவில்லை. அழுவேன் என்று சுற்றி நின்றவர்கள் காத்திருந்தார்கள். பிறகு அவர்களே அழுதுவிட்டுப் போனார்கள். வெகுநேரம் சம்மணம் போட்டு உட்கார்ந்தால் கால் மரத்துப்போய், கிள்ளினாலும் வேறு யாருடைய காலையோ கிள்ளுவதுபோல் இருக்கும். எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நானும் மாமியாரும் மட்டும். அவர் சோறு போடுவார், நான் சாப்பிடுவேன். இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

ஆபீஸ் ஏரிக்கரைப் பக்கம் ஓர் ஓட்டுக் கட்டடம். ஊர் ரேடியோவும் அதிலேயே இருந்தது. ஓர் ஊர் தன் தெருவிளக்குக்கு எங்கிருந்து பணம் எடுக்கிறது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. கரண்டு கம்பெனி சும்மா எரிய விடுகிறது என்றுதான் நினைத்திருந்தேன். உட்கார்ந்த பிறகு தெரிந்தது, எல்லாம் சில்லறையாகச் சேர்ந்து வருகிறது. சைக்கிளுக்கு வரி கட்டினால் ஒரு தகர வில்லை கொடுப்போம், அதை ஹாண்டில்பாரில் கட்டிக்கொள்ள வேண்டும். மாட்டுவண்டிக்கும் உண்டு. சாலையோரப் புளியமரங்களின் காய்ப்பை வருஷா வருஷம் ஏலம் விடுவோம். ஏரி மீனும் அப்படித்தான். இவற்றையெல்லாம்விடப் பெரியது வீட்டு வரி. அதில் ஒரு விசேஷம் இருந்தது. நாங்கள் எவ்வளவு வீட்டு வரி வசூலிக்கிறோமோ அதே அளவு பணத்தை அரசாங்கம் மானியமாகக் கொடுக்கும். ஊர் ஒரு ரூபாய் போட்டால் சர்க்கார் ஒரு ரூபாய் போடும். ஊர் போடாவிட்டால் சர்க்காரும் போடாது.

அந்தப் பணத்தில்தான் மோட்டார் வைத்து, தொட்டி கட்டி, ஊருக்குள் தெருக்குழாய் போட்டார்கள். குழாய் மாரியம்மன் கோயில் முனையோடு நின்றுவிட்டது. அதற்கப்புறம் கால்வாய். கால்வாய்க்கு அந்தப் பக்கம் காலனி. அங்கே ஒரு கிணறு இருந்தது. பங்குனி பிறந்தால் சேறுதான். காலனிப் பெண்கள் குடத்தோடு கோயில் முனைக்கு வந்து எட்டி நிற்பார்கள். ஊர்ப் பெண்களில் யாராவது மனசு வைத்துக் குழாயிலிருந்து பிடித்து ஊற்றினால் உண்டு. அவர்கள் குழாயைத் தொடுவதில்லை. இதை நான் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நானும் ஊற்றியிருக்கிறேன்.

ஒரு நாள் தனி அலுவலர் வந்திருந்தபோது ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் ஆபீஸில் கூடினார்கள். மானியப் பணம் கொஞ்சம் மிச்சம் இருந்தது, குழாயை எந்தப் பக்கம் நீட்டுவது என்று பேச்சு. காலனிக்குக் கொண்டுபோகலாமே என்று அலுவலர் மெதுவாகச் சொன்னார். அவர் தெற்கத்திக்காரர், யாரோடும் சண்டைக்குப் போகாதவர்.

பெரிய மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "வரி கட்றது நாங்க சார். எங்க துட்ல போட்ட கொயாய அங்க எதுக்கு இஸ்துக்கினு போவணும்? அவங்க ஒரு காசு வரி கட்றாங்களா, கேளுங்க."

"அவங்க வீட்டுக்கு வரியே போடலையே?"

"கூர வூட்டுக்கு இன்னா சார் வரி? காத்தடிச்சா போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். பேச்சு அதோடு முடிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் எருக்கூடையைத் தலையில் வைத்தபடி நின்றிருந்தாள். பெரிய மாமாவின் கழனிக்கு எரு அடிக்கும் காலனிக் கூலியாட்களில் ஒருத்தி. கூடையைக் கொட்டிவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம், அப்படியே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா மறுநாள் ஆபீஸுக்கு வந்தார். நாற்பது வயது இருக்கும். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. படிக்கு வெளியே நின்றபடி, "அம்மா, ஒண்ணு கேக்கணும்" என்றார்.

"இன்னா, சொல்லு" என்றேன். அவர் என்னைவிட ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். ஆனாலும் அந்த நாளில் எங்களுக்கு அப்படித்தான் வாயில் வரும்.

"வரி கட்னாதான் கொயாயாமே?"

"அப்படித்தான் பேசிக்கினாங்க."

"அப்ப எங்க வூட்டுக்கும் வரி போடு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். வரியைக் குறை, தவணை கொடு, அடுத்த மாசம் வா என்று கேட்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். வரி போடு என்று ஒருவர் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"எங்க தெரு பூராவும் போடு. கட்றோம். கூலி வாங்கற அன்னிக்கே கொண்டாந்து கட்றோம். அப்பறம் யாரும் சிரிக்க மாட்டாங்க இல்ல?"

"ஆபீசரத்தான் கேக்கணும்" என்றேன்.

அடுத்த வாரம் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். கூரை வீடு என்றால் வரி போடக்கூடாது என்று ஒன்றுமில்லை, குறைவாகப் போடலாம், இதுவரை யாரும் அதற்காகக் காலனிப் பக்கம் போகவில்லை, அவ்வளவுதான் என்றார். வரி கூடினால் மானியமும் கூடும். மேலதிகாரிகள் காதுக்குப் போனால் அவருக்கும் நல்ல பெயர். "நீங்க போய் அளந்துட்டு வருவீங்களா? உங்க வீட்டுல ஒண்ணும் சொல்ல மாட்டாங்களே?" என்று கேட்டார்.

"போறேன் சார்" என்றேன்.

இதைச் சிலர் பிற்பாடு தைரியம் என்று சொன்னார்கள். உத்திரமேரூர் ஆபீஸில்கூட ஒரு தடவை என்னைக் காட்டி யாரிடமோ அப்படிச் சொன்னதைக் கேட்டேன். எனக்குக் கூச்சமாக இருந்தது. பயம் என்று ஒன்று வந்து அதை மீறிப் போனால்தானே தைரியம்? எனக்குப் பயம் வரவில்லை. எதுவுமே வராத இடத்தில் அது மட்டும் எப்படி வரும்? சொன்னார்கள், போனேன்.

பியூன் டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் கால்வாயைத் தாண்டினேன். அந்தப் பக்கம் அதுவரை போனதே இல்லை. மண் சுவர்கள், பனையோலைக் கூரைகள், ஒவ்வொன்றின் முன்னும் சாணி தெளித்த வாசல். குனிந்து குனிந்து நீளமும் அகலமும் எடுத்தோம். பெண்கள் கூட்டமாகப் பின்னாலேயே வந்தார்கள். ஒரு வீட்டை முடித்து அடுத்ததுக்குப் போவதற்குள், "எங்க வூட்ட வுட்டுட்டியே" என்று ஒருத்தி என் கையைப் பிடிக்க வந்து, பிடிக்காமல் நிறுத்திக்கொண்டாள். ஒரு கிழவர் ஆட்டுக் கொட்டகையைக் காட்டி, "இதுக்கும் போட்டுடு தாயி" என்றார். ஆட்டுக்கு வரி கிடையாது என்று பியூன் சொன்னதும் அவருக்கு வருத்தமாகிவிட்டது.

வீட்டு எண் எழுதவேண்டும். ஊருக்குள் என்றால் கதவு நிலையில் தாரால் எழுதிவிடுவோம். இங்கே பல வீடுகளுக்குக் கதவு இல்லை, தட்டிதான். அப்புறம் எண்ணெய் டின்னை வெட்டித் தகரத் துண்டுகளில் எழுதிக் கொடுத்தோம். கூரையின் விளிம்பில் கம்பியால் கட்டிக்கொண்டார்கள். காற்றில் அவை டக்டக்கென்று ஆடும்.

கடைசியாக அளந்தது அந்த அம்மாவின் வீடு. டேப்பைச் சுற்றிக்கொண்டிருந்தபோது என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "உனுக்கு பயமா இல்லியா?"

"இல்ல."

"எனுக்கு பயமா கீது. நைட்ல தூக்கம் வரல. என் வூட்டுக்காரு, இன்னாத்துக்கு உனுக்கு இந்த பேஜாருன்னு கேக்கறாரு."

"அப்ப வேணாமா?"

"யாரு வேணாம்னா? எய்திக்க."

நான் எழுதிக்கொண்டேன்.

அலுவலர் கையெழுத்துப் போட்டார். தண்டோரா போட்டோம். காலனிக்காரர்கள் கூலி வாங்கிய சாயங்காலமே வரிசையாக வந்து கட்டினார்கள். ரசீதை வாங்கியதும் ஒருவரும் உடனே போகவில்லை. படிக்கத் தெரியாதவர்களும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பள்ளிக்கூடத்துக்குப் போகிற ஒரு பெண்ணைக் கூப்பிட்டு, தங்கள் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்று காட்டச் சொல்லித் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் பெரிய மாமா வந்தார். உட்காரவில்லை.

"யாரக் கேட்டு போட்ட?"

"ஆபீசர் கையெழுத்து போட்டாரு மாமா."

"அவுரு நாளைக்கி வேற ஊருக்கு போயிடுவாரு. நீ இங்கதான இருக்கணும்? உனுக்கு இந்த வேலய வாங்கிக் குட்தது யாரு?"

"நீங்கதான்."

என் முகத்தில் எதையோ தேடுவதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். பயமோ திமிரோ ஏதாவது ஒன்று இருந்திருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும். ஒன்றும் கிடைக்காமல் போய்விட்டார்.

அந்த வருஷம் ஊருக்குள் ஒருவரும் வீட்டு வரி கட்டவில்லை. கூட்டம் போட்டு முடிவு செய்ததாகவும் தெரியவில்லை. பெரிய மாமா கட்டவில்லை, மற்றவர்களும் கட்டவில்லை. நான் வீடு வீடாகப் போவேன். "அங்க போய் வாங்கிக்கோ, அவங்கதான் கட்றாங்களே" என்பார்கள். அது போகட்டும். நடவு சமயத்தில் காலனி ஆட்களை யாரும் கூப்பிடவில்லை. பழையசீவரம் பக்கமிருந்து ஆள் கொண்டுவந்து நட்டார்கள். கால்வாய்க்கு அந்தக் கரையில் காலனிப் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தாங்கள் வருஷா வருஷம் நடுகிற கழனியில் வேறு யாரோ நடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அம்மாவும் நின்றார். கொஞ்ச நாளில் ஆண்கள் ஒவ்வொருவராக வாலாஜாபாத் அரிசி மில்களுக்குக் கூலி வேலைக்குப் போனார்கள்.

பெரிய தொகை ஊரிலிருந்துதான் வரவேண்டும். அது வராததால் மானியமும் வரவில்லை. தெருவிளக்கில் பல்ப் போனால் மாற்றப் பணம் இல்லை. மேலத்தெரு முதலில் இருண்டது, பிறகு கோயில் தெரு. மோட்டாருக்குக் கரண்டு பில் கட்ட முடியாமல் ஒரு நாள் ஆட்கள் வந்து ஃபியூஸைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். குழாயில் தண்ணீர் நின்றது. ஊர்ப் பெண்கள் பழையபடி கிணற்றுக்குக் கயிறு தேடினார்கள். ஆபீஸ் வாசலுக்கு வந்து என்னைத் திட்டினார்கள். வீட்டுக்குப் போய்த் தங்கள் ஆண்களையும் திட்டியிருக்க வேண்டும்.

மேலிடத்திலிருந்து அலுவலருக்குக் கேள்வி வந்தது. வேறு வழியில்லாமல் ஜப்திக்குக் கையெழுத்துப் போட்டார். வரி கட்டாத வீட்டில் பாத்திரத்தையோ கதவையோ எடுத்துவந்து ஏலம் போடலாம். முதலில் யார் வீடு என்று என்னைக் கேட்டார். "பெரிய மாமா வீடு சார். அவர் கட்டிட்டா எல்லாரும் கட்டிடுவாங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

காலையில் போனோம். அலுவலர் தெருமுனையில் ஜீப்பை நிறுத்தி அதற்குள்ளேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பியூனும் உள்ளே நுழைந்தோம். பெரிய மாமா நெல் அம்பாரத்தின் பக்கத்தில் நின்றிருந்தார். நான் நோட்டீசைப் படித்தேன். படித்து முடித்துவிட்டுக் கூடத்து மூலையில் இருந்த பித்தளை அண்டாவைக் காட்டினேன். பியூன் ஒரு காதைப் பிடித்தான். இன்னொரு காதை நான் பிடித்தேன்.

சமையலறையிலிருந்து பெரிய அத்தை ஓடி வந்தார். "அடிப் பாவி! உன் கல்யாணத்துக்கு சோறாக்கின அண்டாடி அது! அதத் தூக்க உனுக்குக் கை வந்துச்சே!"

ஆமாம், அந்த அண்டாதான். எனக்கும் ஞாபகம் இருந்தது. பந்தலுக்குப் பின்னால் அது அடுப்பில் இருந்ததும், என் கணவர் தன் சிநேகிதர்களோடு அதன் பக்கத்தில் நின்று எதற்கோ சிரித்ததும்கூட ஞாபகத்துக்கு வந்தது. வேறு யாரோ சொல்லிக் கேட்ட கதைபோல வந்தது. அண்டா கனமாக இருந்தது. வாசல்படி வரை தூக்கி வந்துவிட்டோம். தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

"வையி அத" என்றார் பெரிய மாமா.

வைத்தோம். அவர் உள்ளே போய்ப் பணத்தை எடுத்துவந்து அண்டாவுக்குள் போட்டார். நான் குனிந்து எடுத்துச் சரிபார்த்து ரசீது எழுதினேன். அவர் வாங்கவில்லை. பெரிய அத்தைதான் வாங்கிக்கொண்டார். அந்த வாரமே ஊர் முழுக்க வரி கட்டிவிட்டது. பெரிய மாமா வீட்டுக்காரர்கள் அதன் பிறகு நல்லது கெட்டதுக்கு என்னைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மாமியார் மட்டும் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அன்றைக்கும் சோறு போட்டார், நானும் சாப்பிட்டேன்.

மானியம் வந்தது. அடுத்த வருஷம் கோடைக்கு முன்னால் கால்வாயைத் தாண்டிக் குழாய் போட்டார்கள். காலனி முனையில் ஒரே ஒரு குழாய், இரண்டு தெருவிளக்கு. அவ்வளவுதான். தண்ணீர் விட்ட அன்று என்னையும் கூப்பிட்டிருந்தார்கள், போய் ஓரமாக நின்றேன். பெண்கள் ஒருவர் மேல் ஒருவர் தண்ணீரை வாரி இறைத்தார்கள். அந்தக் கூட்டத்தில் அந்த அம்மாவைத் தேடினேன். இல்லை. ஊரில் வேலை கிடைக்காமல் தை மாதமே குடும்பத்தோடு வாலாஜாபாத்துக்குப் போய்விட்டார் என்றார்கள். பிறகு நடவுக்கு மற்றவர்களை மறுபடி கூப்பிட ஆரம்பித்தார்கள். முதலில் கேட்டது யார் என்பது எல்லோருக்கும் தெரியும். அவரை மட்டும் கூப்பிடவில்லை.

இரண்டு மழையில் அவர் வீட்டுக் கூரை இறங்கிவிட்டது. அடுத்த மழையில் சுவர் கரைந்தது. அந்த இடத்தில் எருக்கஞ்செடி முளைத்தது.

அதற்கப்புறம் ஒரு மத்தியானம் அவர் ஆபீஸ் படியில் நின்றார். பஸ்ஸில் வந்திருக்கிறார். புடவையெல்லாம் தவிட்டுத் தூசி. "வரி கட்ட வந்தேன்" என்றார்.

"வீடுதான் இல்லையே" என்றேன்.

"எடம் கீது இல்ல? வரி கட்றத வுட்டா, அந்த எடத்துல எனுக்கு வூடே இல்லன்னுடுவாங்க. எய்திக்க."

இல்லாத வீட்டுக்கு வரி வாங்கலாமா என்று எனக்குத் தெரியவில்லை. பட்டியலில் பெயர் இருந்தது. வாங்கிக்கொண்டேன். ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கவனித்தேன், யாரிடமும் அப்படி ஏதாவது கேட்டு வெகு காலமாகியிருந்தது. எனக்காகக் கட்டிக்கொண்டு வந்திருந்த சோற்றில் பாதியைக் கொடுத்தேன். படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். மில்லில் நெல் அவிக்கிற வேலை, வெந்த நெல்லைக் களத்தில் காலால் தள்ளித் தள்ளிக் காயவைக்க வேண்டும், உள்ளங்கால் தோல் உரிந்துவிடுகிறது என்று காலைத் தூக்கிக் காட்டினார். நான் பார்த்தேன். நன்றாகவே பார்த்தேன்.

வருஷம் தவறாமல் வந்தார். எண்பதுகளின் நடுவில் தேர்தல் வந்தது, பெரிய மாமா மறுபடியும் தலைவரானார். என்னை வேலையை விட்டு எடுத்துவிடுவார் என்று எல்லோரும் நினைத்தார்கள். எடுக்கவில்லை. காலனி வரியையும் எடுக்கவில்லை. இடிந்த வீட்டின் பெயரை அடித்துவிடலாமா என்று யாரோ கேட்டதற்கு, "வர்ற வரிய எதுக்குடா அடிக்கணும், அதுக்குத்தான் கெவுருமெண்டும் சேத்துத் தருதே" என்றார். என்னோடு நேராகப் பேசமாட்டார். பியூனிடம் சொல்வார், பியூன் என்னிடம் சொல்வான். ஒரே அறைக்குள் இப்படியே சில வருஷங்கள் ஓடின.

அந்த அம்மாவின் மகன் வாலாஜாபாத்தில் லாரி ஓட்டப் போனான். எருக்கஞ்செடியை வெட்டிவிட்டு அதே இடத்தில் ஓட்டு வீடு கட்டி, ஊருக்கே திரும்பி வந்தார்கள். நானே போய் அளந்தேன். ஓட்டு வீடானதால் வரி ஏறியது. வரி கேட்பு நோட்டீஸ் போன அன்றைக்கே அவர் ஆபீஸுக்கு வந்து என் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"இன்னாம்மா இது, அநியாயமா ஏத்தி வெச்சிக்கினுகீறீங்க? நாலு ஓடு போட்டதுக்கு இவ்ளோவா?"

சட்டப்படி அவ்வளவுதான் என்றேன். அதெல்லாம் இல்லை, குறைக்கச் சொல்லி மனு எழுது என்றார். எழுதினேன். பெரிய மாமாவின் மேஜைக்குப் போனது. அவர் தள்ளுபடி செய்துவிட்டார். அந்த அம்மா அவருக்குக் கேட்கும்படியே திட்டிக்கொண்டு பணத்தைக் கட்டிவிட்டு, ஊருக்குள் நடவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள், நேரமாகிவிட்டது என்று போனார்.